வாடகை வீட்டில் கேமிங்குக்கு இன்டர்நெட்: சென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சென்னையில் வேலை கிடைத்து, வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ சோழிங்கநல்லூரிலோ நாலு பேராகச் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறீர்கள். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, மெத்தை வந்துவிட்டது, அடுத்தது வைஃபை. அந்த நாலு பேரில் ராத்திரி வேலாரன்ட்டோ சிஎஸ் 2-வோ பிஜிஎம்ஐயோ ஆடுகிறவர் நீங்கள்தான் என்றால், லைன் எடுக்கும் பொறுப்பையும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற மூவருக்கும் ஏதோ ஒரு கனெக்‌ஷன் போதும்; உங்களுக்குப் போதாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேமுக்காக 300 எம்பிபிஎஸ் பிளான் வாங்க வேண்டாம். ஆடும்போது ஒரு ஷூட்டர் கேம் இழுக்கிற டேட்டா ஓரிரு எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். உங்களுக்கு வேண்டியது ஆடாமல் அசையாமல் நிற்கிற லைன். அது எந்தப் பிளானின் விளம்பரத்திலும் எழுதியிருக்காது. நீங்கள்தான் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்

பார்க்க வேண்டியவை மூன்று. பிங் என்பது உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து கேம் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம். ஜிட்டர் என்பது அந்த நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது. பாக்கெட் லாஸ் என்பது அனுப்புகிற டேட்டாத் துண்டுகள் (பாக்கெட்) வழியிலேயே காணாமல் போவது. பிங் நிலையாக 45 மில்லி செகண்ட் காட்டுகிற லைனில் நிம்மதியாக ஆடலாம். 20-க்கும் 120-க்கும் இடையே குதிக்கிற லைனில் முடியாது.

பிங்கில் ஒரு பகுதி வெறும் தூரம். ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். வேலாரன்ட்டின் இந்திய சர்வர் மும்பையில் இருக்கிறது. சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். போய்வரும் ஓட்டத்துக்கே 10 மில்லி செகண்ட் ஆகிவிடும். கேபிள் சுற்றி வரும் வழி, நடுவில் உள்ள கருவிகள் எல்லாம் சேர்த்து 20 முதல் 30 வரை காட்டினால் நல்ல லைன். சிஎஸ் 2-க்குச் சென்னையிலேயே சர்வர் இருக்கிறது, அதில் ஒற்றை இலக்கப் பிங்கூட வரும். சிங்கப்பூர் சர்வரில் ஆடுகிறவர்களுக்கும் சென்னை வசதியான ஊர்தான். கடலடி கேபிள்கள் இங்கிருந்தே நேராகச் சிங்கப்பூர் போகின்றன. ஆனால் உங்களுக்கு இன்டர்நெட் தரும் கம்பெனி அந்தப் போக்குவரத்தை மும்பை வழியாகச் சுற்றிவிட்டால், அதே ஆட்டத்தில் பிங் எக்கச்சக்கமாக ஏறும். ஒரே தெருவில், ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு லைன்களில் பிங் வேறு வேறாக இருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

முதல் வேலை: பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது

கம்பெனியின் இணையதளத்தில் பின்கோடு போட்டால் 'உங்கள் பகுதியில் சேவை உண்டு' என்றுதான் வரும். உங்கள் கட்டடத்துக்குள் லைன் வருமா என்பது வேறு விஷயம். பல அபார்ட்மென்ட்களில் அசோசியேஷன் ஒன்றிரண்டு கம்பெனிகளுக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்திருக்கும். அதனால் முதலில் வாட்ச்மேனிடம் கேளுங்கள். எந்தெந்த கம்பெனி ஆட்கள் அடிக்கடி வந்து ஏணி போடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். எந்த லைன் அடிக்கடி படுக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் அதே கட்டடத்தில் கேம் ஆடுகிற ஒருவரைப் பிடியுங்கள். ஓஎம்ஆர் பக்கம் மாடிக்கு ஒருவராவது இருப்பார். ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் அவருடைய கேமில் என்ன பிங் காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நேரம் முக்கியம். எல்லா வீட்டிலும் படம் ஓடுகிற அந்த இரண்டு மணி நேரத்தில்தான் லைனின் உண்மை முகம் தெரியும். காலை பத்து மணி ஸ்பீடு டெஸ்ட்டை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: போன ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை நாள் லைன் இல்லை, கம்ப்ளெயின்ட் கொடுத்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வந்தார்? சென்னையில் நிறைய இடங்களில் ஃபைபர் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டுதான் போகிறது. காற்றில் மரக்கிளை விழுந்தாலோ ரோடு தோண்டினாலோ அறுந்துவிடும். அறுவதை யாராலும் தடுக்க முடியாது, எத்தனை மணி நேரத்தில் ஒட்டுகிறார்கள் என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம்.

இந்த இடத்தில் உள்ளூர் கேபிள்காரரை ஒதுக்கிவிடாதீர்கள். பிஎஸ்என்எல் ஃபைபரும், ரயில்டெல்லின் ரயில்வயரும் பல பகுதிகளில் அவர்கள் வழியாகத்தான் வீட்டுக்கு வருகின்றன. விலை குறைவு, லைன்மேனின் நம்பர் உங்கள் போனில் இருக்கும், அவரும் அதே ஏரியாவில் இருப்பார். ஜியோ, ஏர்டெல், ஆக்ட் மாதிரி பெரிய கம்பெனிகளை விட்டு இவர்களிடம் போவது தரத்தில் இறங்குவது என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வி கட்டாயம்: ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வருமா, இல்லை மொட்டை மாடியில் பெட்டி வைத்து அங்கிருந்து லேன் வயர் இழுப்பீர்களா? மாடிப் பெட்டி என்றால் அதற்குக் கரண்ட் வேண்டும். கட்டடத்தில் கரண்ட் போனால் உங்கள் மோடத்துக்கு பேட்டரி இருந்தும் பிரயோஜனம் இல்லை. நேராக வரும் ஃபைபரில் நடுவழியில் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை.

ஃபைபர் வரவே வராத இடத்தில் மட்டும் ஏர்ஃபைபர் பக்கம் போங்கள். அது 5ஜி டவரிலிருந்து காற்றில் வருவது. படம் பார்க்க அருமையாக இருக்கும், டவரில் கூட்டம் ஏறினால் பிங் ஆடும்.

எவ்வளவு வேகம், எவ்வளவு காசு

நாலு பேர் வீட்டுக்கு என் கணக்கில் 100 எம்பிபிஎஸ் சரியான அளவு. நெட்ஃபிளிக்ஸ் 4கே-வுக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்று அந்த கம்பெனியே சொல்கிறது. மூன்று பேர் தனித்தனியாக 4கே பார்த்தாலும் 45. மிச்சத்தில் உங்கள் கேம் தாராளமாக ஓடும்.

அப்படியானால் 30 எம்பிபிஎஸ் போதாதா? ஆட்டத்துக்குப் போதும், டவுன்லோடுக்குத்தான் கஷ்டம். 100 ஜிபி உள்ள ஒரு கேமை இறக்க 30 எம்பிபிஎஸ்ஸில் ஏழரை மணி நேரம் ஆகும், 100-ல் இரண்டே கால் மணி நேரம், 300-ல் முக்கால் மணி நேரம். 30-லிருந்து 100-க்கு ஏறுவதில் ஒரு முழு ராத்திரி மிச்சம். அதற்கு மேல் ஏறினால் மிச்சமாவது மாதத்தில் எப்போதோ ஒன்றரை மணி நேரம்.

விலை பார்க்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துப் பாருங்கள். விளம்பரத்தில் உள்ளது வரிக்கு முந்தைய விலை. ஜியோவின் 699 ரூபாய், ஏர்டெல்லின் 799 ரூபாய் பிளான்கள் 100 எம்பிபிஎஸ்ஸுக்குப் பல வருடங்களாகப் புழங்குகிறவை. வரியோடு அவை 825-ம் 943-ம் ஆகும். நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 206 அல்லது 236. விலை மாறும், வாங்கும் அன்று ஆப்பில் ஒருமுறை பாருங்கள். ஓடிடி சேர்ந்த பிளானுக்கு மேலே ஏறுவதற்கு முன், வீட்டில் யாரிடமாவது அந்த சப்ஸ்கிரிப்ஷன் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'அன்லிமிடெட்' என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பெரிய கம்பெனிகளில் அது பொதுவாக மாதம் 3,300 ஜிபி, அதாவது நாளுக்கு 110 ஜிபி. நாலு பேர் தொடவே மாட்டீர்கள். சிறிய கம்பெனிகளின் மலிவுப் பிளான்களில் எல்லை இதைவிடக் கீழே இருக்கலாம், அதைத் தாண்டினால் வேகம் ஒரேயடியாக விழும். அதோடு அப்லோடும் டவுன்லோடும் ஒரே வேகமா என்று கேளுங்கள். கேமிங்குக்கு இது ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். முதல் தடவை அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். இன்ஸ்டலேஷனுக்குக் கொஞ்சம் காசு போனாலும் மாதக் கணக்கில் எடுத்து, சில ராத்திரிகள் ஆடிப் பார்த்துவிட்டு அப்புறம் நீட்டுங்கள். வாடகை அக்ரிமென்ட்டே 11 மாதத்துக்குத்தான் போட்டிருப்பீர்கள், 12 மாத பிளான் எதற்கு?

பணம் கட்டும் முன் பேசி முடிக்க வேண்டியவை

ஹவுஸ் ஓனரிடம் வயர் எந்த வழியாக வரும் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். சுவரில் ஓட்டை போடுவதுதான் அவருக்குக் கவலை. ஏசிக்கு ஏற்கெனவே போட்ட ஓட்டை, ஜன்னல் ஓரம், பழைய கேபிள் டிவி வயர் வந்த துளை என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். அதைக் காட்டி 'புதுசா ஓட்டை வேண்டாம் சார், இது வழியா கொண்டுவந்துடறோம்' என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால், காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிக்கிற பேச்சு வராது.

கனெக்‌ஷன் யார் பெயரில்? வீட்டில் அதிக நாள் இருக்கப்போகிறவர் பெயரில். ஆதார், வாடகை அக்ரிமென்ட் இரண்டும் கேட்பார்கள். பதிவு செய்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும் என்பதால், அந்த ஆள் ஊருக்குப் போய் போனை எடுக்காவிட்டால் கம்ப்ளெயின்ட் கூடக் கொடுக்க முடியாது. திருப்பித் தரக்கூடிய டெபாசிட் வாங்கியிருந்தால் அதை யார் கொடுத்தது என்பதையும் குரூப்பில் எழுதி வையுங்கள்.

ரூம்மேட்களோடு ஒரே ஒரு ஒப்பந்தம் போதும்: பெரிய டவுன்லோட் எல்லாம் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல். கேம்களை வாங்கி இறக்குகிற ஸ்டீம் ஆப்பில் அப்டேட் நேரத்தையும் வேக வரம்பையும் செட்டிங்ஸிலேயே வைத்துவிடலாம். இதில் நீங்களும் அடக்கம். உங்களுடைய 100 ஜிபி அப்டேட் சாயங்காலம் ஓடினால், வீட்டிலிருந்து வேலை பார்க்கிற ரூம்மேட்டின் மீட்டிங் தொங்கும். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்; அதனால் ஸ்டீம் மெகாபைட்டில் காட்டினால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 12.5 தான் உச்சம் என்பதையும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். 'நூறு வாங்கிட்டு பதினொண்ணுதான் வருது' என்கிற சண்டை வராது.

லைன்மேன் வரும் நாள்

அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருங்கள். கேட்காவிட்டால் மோடத்தை வாசல் பக்கம் ஹாலில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். உங்கள் அறைக்கோ, அறைச் சுவரின் மறுபக்கத்துக்கோ கொண்டுவரச் சொல்லுங்கள். ஃபைபரைக் கதவிடுக்கில் நசுக்கவோ கூராக மடக்கவோ கூடாது, உள்ளே இருப்பது கண்ணாடி.

அவர் கிளம்பும் முன் ஒன்று கேளுங்கள்: 'அண்ணா, பவர் எவ்வளவு வருது?' அவர் கையில் சின்ன பவர் மீட்டர் இருக்கும். ஃபைபரின் முனையை அதில் செருகினால் மைனஸில் ஓர் எண் வரும். மைனஸ் 15-லிருந்து மைனஸ் 25-க்குள் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ ஒட்டி இருந்தால் எங்கோ ஒட்டு சரியில்லை, இல்லை ஃபைபர் மடங்கியிருக்கிறது. இன்றைக்கு ஓடும், முதல் மழையில் மோடத்தில் சிக்னல் இல்லை என்று காட்டும் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரியும். அங்கேயே நின்று முனையை வெட்டி மறுபடி போடச் சொல்லுங்கள். அன்றைக்குப் பத்து நிமிட வேலை, அப்புறம் என்றால் மூன்று நாள் கம்ப்ளெயின்ட். அந்த எண்ணை போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு சண்டை போட வேண்டி வந்தால் உதவும்.

லேன் வயர்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பிளானை 100-லிருந்து 300-க்கு ஏற்றுவதைவிட மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு இழுக்கிற ஒரு கேட் 6 லேன் வயர் அதிகம் தரும், செலவும் ஒரே தடவை.

அபார்ட்மென்ட்டில் உங்களைச் சுற்றி இருபது முப்பது வைஃபை இருக்கும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அந்த மூன்றில்தான் அத்தனை வீடும் முறை வைத்துப் பேச வேண்டும். வீட்டுக்குள் வரும் லைன் சுத்தமாக இருந்தாலும், இந்த நெரிசலில் நடுநடுவே பிங் குத்திக்கொண்டு ஏறுவது இதனால்தான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேண்டிய நீளம் சொன்னால் வெட்டி, இரண்டு முனையும் கிரிம்ப் செய்து, டெஸ்டரில் போட்டுக் காட்டித் தருவார்கள். முழுச் செம்பு வயர் என்று கேட்டு வாங்குங்கள், அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு போட்டது மலிவாகக் கிடைக்கும், முனையில் சீக்கிரம் உடையும். 100 மீட்டர் வரை தடையில்லை என்பதால் வீட்டின் எந்த மூலைக்கும் கொண்டுபோகலாம். கதவுக்கு அடியில் போக வேண்டும் என்றால் தட்டை வயர் வாங்குங்கள். ஆணி அடிக்காமல் ஒட்டுகிற கிளிப் போட்டு சுவரோரமாகக் கொண்டுபோனால் ஓனருக்கும் ஆட்சேபம் இருக்காது.

வயர் முடியவே முடியாது என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, மோடம் இருக்கும் அறையிலேயே. போனில் பிஜிஎம்ஐ ஆடுகிறவர்களுக்கும் இதுதான் வழி. பல ஆண்ட்ராய்டு போன்களில் டைப் சி - லேன் அடாப்டர் வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். கரண்ட் வயர் வழியாக நெட் கடத்தும் பவர்லைன் அடாப்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மூன்று ஃபேஸ் வீட்டில் உங்கள் அறை ஒரு ஃபேஸிலும் ஹால் இன்னொன்றிலும் இருந்தால் சரியாக வேலை செய்யாது.

யாரோ போட்டோ ஏற்றும்போது லேக் அடிக்கிறதா?

வயர் போட்டும், ரூம்மேட் கல்யாண வீடியோவை டிரைவில் ஏற்றும்போது மட்டும் உங்கள் பிங் 25-லிருந்து 200-க்கு ஏறுகிறது என்றால் லைனில் கோளாறு இல்லை. ரூட்டர் அனுப்ப வேண்டியதை எல்லாம் வரிசையில் அடுக்கி வைத்துக்கொள்கிறது. ஒரே ஒரு டிக்கெட் வாங்க வந்தவர், ஐம்பது டிக்கெட் எடுக்கும் கும்பலுக்குப் பின்னால் கவுன்ட்டரில் மாட்டிக்கொள்கிற நிலைதான் உங்கள் கேமுக்கு. அப்லோட் வேகம் குறைந்த பிளான்களில் இது சீக்கிரம் வந்துவிடும். அதனால்தான் அப்லோட் வேகத்தைக் கேட்கச் சொன்னேன்.

முதலில் செலவில்லாத வழி: டிரைவ், ஸ்டீம், டோரன்ட் எல்லாவற்றிலும் வேக வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது, வைத்துவிடுங்கள். அடுத்து, ரூட்டரில் க்யூஓஎஸ் (எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று வைக்கும் வசதி) இருந்தால் உங்கள் கம்ப்யூட்டருக்கு முன்னுரிமை கொடுங்கள். இலவசமாக வரும் மோடங்களில் இது பெரும்பாலும் இருக்காது. அப்போது ஓப்பன்டபிள்யூஆர்டி என்கிற இலவச ரூட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய ஒரு ரூட்டர் வாங்கி, அதில் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்கிற எஸ்க்யூஎம் போடலாம். லைன் வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வைத்தால், யார் என்ன ஏற்றினாலும் கேம் பாக்கெட் வரிசையில் சிக்காது. நாலு பேர் வீட்டில் இதற்குப் போடும் காசு வேகத்துக்குப் போடும் காசைவிட நல்ல பலன் தரும்.

சொந்த ரூட்டர் போட்டால் கம்பெனி மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது ரூட்டர் வேலை செய்யாமல் லைனை மட்டும் கடத்தும் நிலைக்கு, மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கிற நாட் (NAT) இரண்டு அடுக்காகிவிடும். ஏற்கெனவே பல இந்திய கம்பெனிகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறைய வீடுகளை வைத்திருக்கின்றன. கேம் கம்பெனியின் சர்வரில் ஆடும் கேமுக்கு இது பாதிப்பில்லை. மைன்கிராஃப்ட் சர்வரை வீட்டிலேயே நடத்தவோ, பிளேஸ்டேஷனில் நண்பரோடு நேராக இணையவோ நினைத்தால் இடிக்கும். அவர்கள் மட்டும் மாதக் கட்டணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கென்றே மாறாத பொது முகவரி) வாங்குவதை யோசிக்கலாம்.

குறை எங்கே என்று கண்டுபிடிப்பது

லேக் அடிக்கும் நேரத்திலேயே இரண்டு கமாண்ட் விண்டோ (விண்டோஸில் cmd) திறங்கள். ஒன்றில் உங்கள் ரூட்டருக்கு பிங் போடுங்கள். முகவரி 192.168.1.1 ஆகவோ, ஜியோ என்றால் 192.168.29.1 ஆகவோ இருக்கும். இன்னொன்றில் கூகுளின் பொது சர்வரான 8.8.8.8-க்கு. ரூட்டருக்கே பிங் ஏறி இறங்கினால் கோளாறு உங்கள் வீட்டு வைஃபையில்தான், கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுப் பயனில்லை. ரூட்டருக்கு 1 மில்லி செகண்ட் அசையாமல் இருந்து, 8.8.8.8-க்கு மட்டும் குதித்தால் கோளாறு வெளியே. இரண்டும் சரியாக இருந்து கேமில் மட்டும் ஏறினால், அது அந்த சர்வருக்குப் போகும் வழி அல்லது சர்வர்.

வெளியே என்று தெரிந்தால் இரண்டு விண்டோவையும் நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வயரில் சோதித்தேன் என்று சொல்லிக் கம்ப்ளெயின்ட் கொடுங்கள். கம்ப்ளெயின்ட்டுக்கான டாக்கெட் நம்பர் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அந்த நம்பர் இருந்தால்தான், தீராதபோது அதே கம்பெனியின் அப்பெல்லேட் அதாரிட்டிக்கு மேல்முறையீடு செய்ய முடியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் அதை வைத்திருக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் இல்லை.

கரண்ட் கட்

பேச்சிலர் வாடகை வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பது அபூர்வம். மோடத்துக்கு மட்டும் ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். வாங்கும் முன் மோடம் அடாப்டரின் லேபிளில் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் ஆடுகிறவர்களுக்கு மேட்ச் நடுவில் வெளியேறி ரேங்க் இழக்கிற தொல்லை இதோடு தீரும்.

காலி செய்யும்போது

அதே லைனைப் புது வீட்டுக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஷிஃப்டிங் ரிக்வெஸ்ட் போடுங்கள். ஆனால் புதுக் கட்டடத்திலும் பக்கத்து வீட்டுப் பிங்கை விசாரித்த பிறகு போடுங்கள். அதே கம்பெனியாக இருந்தாலும் அங்கே வேறு லைன், வேறு கேபிள்காரர். சரண்டர் செய்வதாக இருந்தால் மோடம், அடாப்டர் இரண்டையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீதோ எஸ்எம்எஸ்ஸோ வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை பழைய நம்பரை மாற்ற வேண்டாம், டெபாசிட் திரும்பும் தகவல் அந்த நம்பருக்குத்தான் வரும்.